கார்த்திகைக்கு விட்ட இடம்

சித்திரையில் செய்தேன் அந்த மேசையை.
பூவரசம் பலகை வெயிலில்
தன்னை முழுக்க ஒடுக்கிக்கொண்டிருந்த நேரம்.
டிராயர் கூட்டுக்குள்
காற்றுகூட நுழையாமல் பொருந்தியது.
ஒற்றை விரலால் தள்ளிக் காட்டினேன்.
பல்கீஸ் லாத்தா நூறு ரூபாய் கூடவே தந்தார்.

கார்த்திகையில் போன்.
கீழக்கரையில் மூன்று நாளாய் மழை.
சுவரை நக்கினால் உப்புக் கரிக்கும்.
டிராயர் திறக்கவில்லை.
உள்ளே மருமகனின் பாஸ்போர்ட்,
விடிந்தால் மதுரையில் விமானம்.

“உடைச்சிரு” என்றார்.
மேசையைச் சுவரிலிருந்து திருப்பினேன்.
முதுகுப் பலகையில் ஆறு திருகாணி, பித்தளை.
இரும்பு போட்டிருந்தால்
துருவில் தலை கரைந்திருக்கும்.
அந்த ஒரு புத்தியாவது இருந்ததே.
டிராயரின் குட்டைப் பின்சுவருக்கு மேலே கை விட்டு
பூனைக்குட்டியைத் தூக்குவதுபோல்
பாஸ்போர்ட்டை எடுத்துக் கொடுத்தேன்.

மரம் நீளவாக்கில் அசையாது,
ரேகைக்குக் குறுக்கேதான் வீங்கும்.
தெரியும்.
தெரிந்தும் சித்திரையை நம்பினேன்.

மருமகன் டார்ச் பிடிக்க
டிராயரின் மேல்விளிம்பில் இழைப்புளி ஓடியது.
சுருள் சுருளாய்த் தரையில் விழுந்தது
என் கெட்டிக்காரத்தனம்.

இப்போது வெயில் காலத்தில் வாங்க வருகிறவர்கள்
விளிம்பில் நகத்தை விட்டுப் பார்க்கிறார்கள்.
“என்ன பாய், இவ்வளவு சந்து?”
இரண்டு ஒற்றை ரூபாய்க் காசுக் கனம்.
கார்த்திகைக்கு விட்ட இடம் என்கிறேன்.

பாதிப் பேர் சிரிக்கிறார்கள்.
மீதிப் பேர்
நூறு ரூபாய் குறைக்கிறார்கள்.