எண்பது லிட்டர்

மே இரண்டாம் வாரம். மஹோன் விரிகுடாவில்
குளிர்காலம் இன்னும் தண்ணீருக்குள் இருக்கிறது.
பார்த்தால் தெரியாது, கை வைத்தால் தெரியும்.

பதினெட்டடிப் படகு. இருவருக்கென்று கட்டியது:
ஒருவர் சுக்கான் பிடிக்க,
ஒருவர் முன்னால் போய்ப் பாய் ஏற்ற.
முன்னால் போகிறவன் ஆல்பர்ட்டா போய்விட்டான்.
எண்ணெய் வயல். மூன்று வாரம் வேலை, ஒரு வாரம் வீடு என்றான் கர்ட்டிஸ்.
எந்த வீடு என்று நான் கேட்கவில்லை.

சுக்கானருகே உட்கார்ந்து, எழாமல்,
நாலா பக்கமும் கை நீட்டினேன்.
விரல்நுனி தொட்ட இடமெல்லாம் சாக்குக்கட்டிக் கோடு.
இறங்கி நின்று பார்த்தால்
பாய் ஏற்றும் கயிறு கோட்டுக்கு வெளியே,
பாய் சுருக்கும் கயிறு வெளியே,
நங்கூரம் எங்கேயோ அணியத்தில்.
இருபத்தொரு வருடம்
எனக்கு எட்டாத இடத்தில்தான் இந்தப் படகு ஓடியிருக்கிறது.

லோர்ன் ஹிர்ட்டிலின் கடையில் ஆறு கப்பி வாங்கினேன்.
"ஆறா?" என்றார்.
ஆறு.
மரத்தடியில் திரும்பி, தளத்தின் மேல் ஊர்ந்து,
கயிறுகள் ஒவ்வொன்றாய் என் மடிக்கு வந்தன.
ஏற்றுவதற்கு நீலம், சுருக்குவதற்குச் சிவப்பு.
பிறகுதான் யோசித்தேன், இருட்டில் ஏது நிறம்?
சிவப்பின் நுனியில் ஒரு முடிச்சு. நீலத்தில் இரண்டு.

சுக்கான் பிடியை இழுத்துக் கட்ட
அவன் சைக்கிளின் பழைய டியூப்பை வெட்டினேன்.
ஒரு குவளைத் தேநீர் குடித்து முடிக்கும் வரை
அது நேராக நின்றால் போதும்.
அதற்கு மேல் விசுவாசம் எதிர்பார்க்கவில்லை.

சனிக்கிழமை, உடுத்த உடையோடு
துறையிலிருந்து வேண்டுமென்றே குதித்தேன்.
நெஞ்சு ஒரு கதவைப் போல அறைந்து மூடியது.
மூச்சு எங்கோ வெளியே நின்றுவிட்டது.
கயிற்றேணியில் கால் வைத்தால் ஏணி படகுக்கு அடியில் ஓடுகிறது,
நான் மல்லாந்து வானம் பார்க்கிறேன்.
மறுபடி. மறுபடியும் வானம்.
லோர்ன் காப்பிக் குவளையோடு மேலே நின்றார்.
கை கொடுத்தால் கொன்றுவிடுவேன் என்று முன்பே சொல்லியிருந்தேன்.
கொடுக்கவில்லை. காப்பியும் குடிக்கவில்லை.
நாலாவது முறை, வயிற்றில் சிராய்ப்போடு,
மீன் விழுவதுபோல் தளத்தில் விழுந்தேன்.
வீட்டுக்குப் போய்
ஏணியின் கடைசிப் படிக்குள் ஈயக்குழாய் ஒன்றைச் செருகினேன்.
இனி அது தொங்கும், ஓடாது.

மிச்சம் இருந்தது எடை.
காற்று ஒரு பக்கம் அழுத்தினால்
மறுபக்க விளிம்பில் அவன் சாய்ந்து உட்கார்வான், எண்பது கிலோ.
இருபது லிட்டர் கேன் நாலு. குழாய்த் தண்ணீர் நிரப்பி
அவன் இடத்தில் வரிசையாகக் கட்டினேன்.
அழகாகத்தான் இருந்தது, முதல் திருப்பம் வரை.
படகு திரும்பியதும் நாலும் தப்பான பக்கத்தில்,
விளிம்பு தண்ணீரைக் குடிக்கிறது,
நான் கத்திக்கொண்டே தாமானை அவிழ்க்கிறேன்.
கேன்கள் பக்கம் மாறாது.
கர்ட்டிஸ் மாறுவான். அதில் அவன் தேர்ந்தவன்.

அவிழ்த்து நடுவில், தாழ, தரையோடு தரையாகக் கட்டினேன்.
பாயை ஒரு சுருக்குச் சுருக்கினேன்: சிவப்பு, ஒரு முடிச்சு,
எழவே தேவையில்லை.

தீவுக்கு அப்பால் காற்று தென்மேற்கில் நிலைத்தது.
திரும்ப வேண்டிய இடம். பழக்கம்,
"தயாரா?" என்று கேட்டுவிட்டேன்.
கேட்டபடியே பிடியைத் தள்ளினேன்.
பருமல் தலைக்கு மேல் கடந்தது.
பதிலுக்கு நான் காத்திருக்கக்கூடிய நேரத்தில்
படகு மறுபக்கம் சாய்ந்து ஓடத் தொடங்கியிருந்தது.

மாலை காற்று இளைத்தது. கனம் தெரிந்தது.
ஒரு கேனின் மூடியைத் திறந்து கடலில் கவிழ்த்தேன்.
நல்ல தண்ணீர், உப்பில்,
குளக், குளக் என்று, அவசரமில்லாமல்.

மூன்று மீதம்.
ஜூனில் பார்க்கலாம்.