வெளியேறும் வேகம்

படலை திறந்தபின் மாடு எப்படிப் போகிறது
என்று பார்ப்பதற்கு எனக்குச் சம்பளம்.

முத்தையன்கட்டுக் குளத்தின் பின்பக்கம்,
தண்ணீர் பின்வாங்கிய வண்டலில் பட்டி.
பாலைக்கம்பு நிரைத்த ஒடுங்கல்:
ஒரு மாடு நிற்கலாம், திரும்ப ஏலாது.
நெஞ்சைச் சுற்றி நாடா பிடிப்பேன்,
நாடா சொல்லும் எடையை எழுதுவேன்,
பிறகு படலை.
நாலு மீற்றர் தள்ளி இன்னொரு கம்பு.
இடையில் ஓடும் நேரம் கைபேசியில்.

நடந்து போனால் ஒன்று.
துள்ளி ஓடினால் மூன்று.
கம்பையும் என்னையும் சேர்த்து இடித்துப் போனால்
ஐந்து.

பட்டிக்காரி தங்கேஸ்வரி படிவத்தை எட்டிப் பார்த்தாள்.
"வளர்க்கும் நோக்கம் எண்டு கிடக்குது.
என்ன எழுதினனீங்கள் மிஸ்?"
"இறைச்சி."
"ஐயோ, அதை வெட்டுங்கோ.
நாங்கள் சைவம்.
விக்கிறது எண்டு போடுங்கோ."
வெட்டினேன்.
வெட்டிய சொல் கோட்டுக்கடியில்
நன்றாகவே தெரிந்தது.

ஏழு மாதம், மாதமொருக்கால் வந்தேன்.
ஒரே குளம், ஒரே புல், ஒரே உண்ணி.
ஒன்று வாங்கிய நாம்பன்கள்
நாடாவை நீட்டிக்கொண்டே போயின.
அதிலும் ஒரு செவலை,
சொல்லிவைத்தாற்போல் மாதம் பத்துக் கிலோ.
ஐந்து வாங்கியவை
மற்றவை படுத்து அசைபோடும் நேரத்திலும்
நின்றபடி
காட்டைக் கேட்டுக்கொண்டிருந்தன.
தின்ற புல்லெல்லாம் காதுக்குப் போனது.

இலக்கம் முப்பத்தொன்று.
கறுப்பில் வெள்ளை தெளித்த பசு.
எல்லா மாதமும் ஐந்து.
தொடையில் இரண்டு குறி, மேலே தங்கேஸ்வரியுடையது,
கீழே பழையது, 'செ' போல ஒரு எழுத்து.
யார் சுட்டது என்று கேட்க அந்த வீட்டில்
ஒருவரும் திரும்பி வரவில்லை.
'கழிக்கவும்' என்று எழுதக் குனிந்தேன்.
"மீள வந்த வருசம் காட்டுக்குள்ள பிடிச்சது," என்றாள்.
"சாதுவா நிண்டதெல்லாத்தையும்
போற வாற ஆக்கள் பிடிச்சுத் திண்டிட்டினம்.
இது மனிசரைக் கண்டா ஓடும்.
ஓடினபடியாத்தான் கிடக்குது."
என் படிவத்தில் அதற்கு நிரல் இல்லை.

மஃறூப் நானா முதல்நாள் மாலையே வருவார்.
லொறியைத் தூரத்தில் நிறுத்தி,
வாங்கிய மாடுகளை வீரை நிழலில் கட்டித்
தண்ணீர் காட்டிவிட்டுச்
சாரத்தை மடித்துக்கொண்டு குந்தியிருப்பார்.
"மிரண்டதை அண்டைக்கே அறுத்தா
இறைச்சி கறுத்துப் போகும்,
கையில பசை மாதிரி ஒட்டும்.
பழசெண்டு சனம் திருப்பித் தரும், மிஸ்."
பயந்த தசை தன் இனிப்பை
உயிரோடு இருக்கும்போதே எரித்துவிடுகிறது:
நான் மூன்று வருடம் படித்ததை
அவர் விரல்நுனியால் தேய்த்துக் காட்டினார்.
முப்பத்தொன்றைப் பார்த்தார். "இதுக்கு அரை விலை."
"அப்ப நிக்கட்டும்," என்றாள் தங்கேஸ்வரி,
பேரம் பேசாமல்.

மறுநாள் விடிய, லொறியைப் பின்னால் எடுக்கையில்
டயர் வெடித்தது.

அவ்வளவுதான்.
பிறகு பார்த்தால்,
தங்கேஸ்வரி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால்,
தலையில் இரண்டு கை.
நான் வண்டலில் குப்புற,
நெஞ்சுக்கடியில் படிவம்.
நானா மட்டும் வாசலில் நின்று
"டயர்தான், டயர்தான்" என்று
யாருக்கோ சொல்லிக்கொண்டிருந்தார்,
குரல் அவருடையதாக இல்லை.
முப்பத்தொன்று எப்போதோ வேலி கடந்துவிட்டது.
புதர் மூடும் சத்தம்கூடக் கேட்கவில்லை.

எழும்பிச் சேற்றைத் தட்டினோம்.
முதலில் சிரித்தது தங்கேஸ்வரி.
"உங்களுக்கு எத்தினை போடுறது, மிஸ்?"

செவலை மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.
வைக்கோலை ஒருபக்கக் கடைவாயில் மென்றபடி
எங்களைப் பார்த்தது.
டயர் மாற்றி முடிய
பலகையில் தானாகவே ஏறியது,
ஒருவரும் தள்ளவில்லை.
நான் நேரம் பிடிக்க மறந்துபோனேன்.