ஒலிவா வரை

வின்சென்டியின் அணுக்கள் ஊரில் இல்லை.
மூன்று மணி நேரம் அசையாமல் கிடந்து கொடுத்தவை
நீலப் பெட்டியில் ஏறி எல்லை தாண்டிவிட்டன,
பகையின் முகத்தைப் படித்து வர.
திரும்ப நான்கு வாரமாகும்.
காத்திருக்க அவருக்குத் தெரியும்.
கட்டிக்குத் தெரியாது.

இரண்டு வருடம் பதுங்கிக் கிடந்தது,
கொடுத்த மருந்தையெல்லாம் தின்று செரித்துவிட்டு
இடது காறையெலும்புக்கு மேல்
மறுபடி தலைதூக்கியிருக்கிறது.
போனவை வந்து சேரும்வரை
அதை அமுக்கி வைப்பது என் வேலை.
கதிர் அறை, காலை எட்டு நாற்பது, பத்து நாள்.

‘வெந்து சாகிற அணு தன் இனத்தைக் காட்டிக்கொடுக்கும்,
வருகிறவைக்குத் தேடல் மிச்சம்’ என்றார் டாக்டர்.
‘அப்படித்தான் நினைக்கிறோம்’ என்றும் சேர்த்துக்கொண்டார்.

கதான்ஸ்க்கில் முப்பத்தோரு வருடம் டிராம் ஓட்டியவர்.
முகத்தில் வலைமூடியை நான் திருகும்போது
பல்லிடுக்கில் கேட்பார்:
“ஹால்ஷ்கா, இன்றைக்கு எந்த நிறுத்தம்?”
முதல் நாள் பெரிய ரயிலடி.
நான்காம் நாள் ஓப்பரா.
ஆறாம் நாள் எச்சில் விழுங்க முடியவில்லை,
நிறுத்தம் எதையும் கேட்கவில்லை.
நானாகச் சொன்னேன். விரலை மட்டும் உயர்த்தினார்.

கதவு மூடும். எல்லோரும் வெளியே.
திரையில் அவர் மட்டும், ஒன்றரை நிமிடம்.
கடைசிப் பயணியும் இறங்கியபின்
விளக்கெரிய பணிமனைக்குப் போகும் டிராம் போல என்பார்.
அப்போதுதான் பாடலாமாம், யாருக்கும் கேட்காது.
எனக்குக் கேட்டது.
மைக்கை அணைத்ததாகப் பொய் சொன்னேன்.

பெட்டி திரும்பி வந்தது, ஒரு நாள் தாமதமாக.
உறைந்திருந்ததை இளக்கி ஏற்ற
தேநீர் குடிக்கும் நேரம்கூட ஆகவில்லையாம்.
வார்டு முழுக்கப் பூண்டு வாசம்,
பதப்படுத்திய மருந்தின் வாசம்.
மூன்று நாள் ஒன்றுமே நடக்கவில்லை.

நான்காம் நாள் லிஃப்டில் செவிலி டோப்ரவா
தூங்காத கண்ணோடு சொன்னாள்:
“முப்பத்தொன்பது புள்ளி ஆறு.”
காய்ச்சலைச் சொல்லும் முகமா அது?
சிரித்துவிட்டு, உடனே உதட்டைக் கடித்துக்கொண்டாள்.
சண்டை தொடங்கிவிட்டது.
வீடும் அதுதான், போர்க்களமும் அதுதான்.
பெயரை மறந்துவிட்டாராம் ராத்திரி,
மனைவியின் பெயரை. விடியலில் வந்ததாம்.

ஸ்கேன் அடுத்த மாதம்.
எட்டு நாற்பதுக்கு வேறொரு பெயர், வேறொரு கழுத்து.
அலமாரியில் அவர் முகத்தின் வலை இருக்கிறது.
எறிந்துவிட வேண்டும், விதி.

வீட்டுக்கு நான் போவதும் அதே தடம்.
ஒலிவாவில் தண்டவாளம் முடிவதில்லை,
மரங்களுக்கிடையே வட்டமடித்துத் திரும்புகிறது.
திரும்பி வருவது எது என்று
தண்டவாளத்துக்குத் தெரியாது.
இறங்காமல் ஒரு சுற்று உட்கார்ந்திருந்தேன்.
ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்தார்,
ஒன்றும் கேட்கவில்லை.