மூன்று மணிக்கு வலப்பக்கம்

பராமரிப்பவர் பெயர் என்ற கோட்டின் மேல்
இவருடைய ஐசி நம்பரை எழுதிவிட்டேன்.
பன்னிரண்டு எண்ணும் மனப்பாடம்.
என் பெயருக்குத்தான் சற்று யோசிக்க வேண்டியிருந்தது.
கக் ஹஸ்னா சிரிக்கவில்லை.
எல்லா வீட்டிலும் இப்படித்தான் என்பதுபோல்
வேறொரு படிவத்தை நீட்டினார்.

மாதம் இரண்டு வியாழன், ஒன்றிலிருந்து ஐந்து.
நீங்கள் வெளியே போய் வாருங்கள் என்றார்கள்.
எங்கே என்று யாரும் எழுதித் தரவில்லை.

வாசலில் நின்று சொல்லிக்கொண்டே இருந்தேன்:
தண்ணீரில் அந்த மாவைக் கலக்கணும், இல்லாவிட்டால் புரையேறும்,
இடது தோளைப் பிடித்துத் தூக்கக் கூடாது,
முறைத்தால் கோபமில்லை, மூத்திரம்,
அப்புறம் பாதத்தைத் தொட்டுச் சொல்லிவிட்டுத்தான்…
ஹஸ்னா நோட்டில் எழுதிக்கொண்டே தலையாட்டினார்.
லிப்ட் இரண்டு முறை வந்து திறந்து
என்னை ஏற்றாமல் போனது.

பதினாறு மாடிக்குக் கீழே பாயா தெருபோங் வெயில்.
கால் தானாகப் பார்மசிக்குப் போனது.
பெரிய பாம்பர்ஸ் பொட்டலத்தைக் கையில் எடுத்த பிறகுதான்
இன்றைக்கு இதற்கு வரவில்லை என்று உறைத்தது.
திரும்ப வைத்தேன்.
மலிவு விலை. மறுபடி எடுத்தேன்.

பஸ்ஸில் அதற்கும் ஒரு இருக்கை.
ஜெலுத்தோங்கில் ஏன் இறங்கினேன், தெரியாது.
மெத்தைக் கடை. ஏர்கோன் குளிர்.
கைப்பேசியோடு ஒரு சீனப் பையன் மட்டும்.
உட்கார்ந்து பாருங்கள் ஆன்ட்டி என்றான்.
உட்கார்ந்தேன்.
படுத்துப் பாருங்கள் என்றான்.

மூன்று வருடமாக நான் படுப்பது
இவர் கட்டிலுக்கும் அலமாரிக்கும் நடுவே,
ஒரு காதை விழிக்க வைத்துவிட்டு.
இங்கே இரண்டாயிரத்து நானூறு வெள்ளி மெத்தை,
மேலே உரிக்காத பிளாஸ்டிக்.
கண்ணை நான் மூடவில்லை, சத்தியமாக.
அதுவாக மூடியது.

மூன்று மணிக்கு அலாரம்.
இரண்டு மணிக்கொரு தரம், ராத்திரியிலும்
அடிக்கிற அதே அலாரம்.
பட்டர்வொர்த் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர்,
இருபது டன் பெட்டியை
முட்டையை வைப்பதுபோல் இறக்கியவர்,
தன் இடுப்பைத் தானே நகர்த்த முடியாதவர்,
அவரைப் புரட்டும் நேரம்.
கை எழுந்து துழாவியது.
பக்கத்தில் பாம்பர்ஸ் பொட்டலம்தான்.
புரட்ட ஆளில்லை,
அதனால் நானே புரண்டேன்.
வலப்பக்கம்.
முழங்கால் மடிந்தது, தோள் கூடவே வந்தது,
யாரும் மூச்சைப் பிடிக்க வேண்டியிருக்கவில்லை.
இவ்வளவு சுலபமா என்று
கொஞ்சம் வெட்கமாகக்கூட இருந்தது.

எழுந்தபோது நாலு பத்து.
கன்னத்தில் பிளாஸ்டிக் மடிப்பின் கோடு.
மரியாதைக்காக மறுபடி விலை கேட்டேன்.
தாப்பா ஆன்ட்டி என்றான் பையன்,
அடுத்த மாதமும் இந்த மெத்தை இங்கேதான் இருக்கும்.

நோட்டில் நீல மை:
3.00 வலப்பக்கம்.
3.20 கஞ்சி, முழுக் கிண்ணம்.
3.45 சிரித்தார்.
முழுக் கிண்ணமா? என்னிடம் பாதிதான் இறங்கும்.
எதற்குச் சிரித்தார் என்று எழுதவில்லை.
நானும் கேட்கவில்லை.
குதிகாலைத் தூக்கிப் பார்த்தேன், சிவப்பில்லை.
முதுகுக்குத் தலையணையை ஹஸ்னா வேறு மாதிரி முட்டுக் கொடுத்திருந்தார்.
சரிசெய்யக் கை நீட்டினேன்.
அப்புறம் அப்படியே விட்டேன்.

ஹஸ்னா போன பின்பு
இவர் என்னை மேலும் கீழும் பார்த்தார்.
உதட்டின் ஒரு பாதி அசைந்தது.
"எ…ங்க?"
மெத்தைக் கடைக்கு.
"வாங்கு…னியா?"
இல்லை, படுத்தேன்.

கொஞ்ச நேரம் பேச்சில்லை.
பிறகு முறைத்தார்.
கோபமில்லை, தெரியும்.
கட்டிலுக்கடியில் இருந்த புட்டியை எடுக்கக் குனிந்தேன்.