வலம்புரி

ஹெரஃபோர்ட்ஷயரில் மே மாதம்.
ஐந்தரைக்கே வெளிச்சம், சூடு மட்டும் இல்லை.
பதினெட்டடிக் கம்பங்கள், அவற்றுக்கிடையே கம்பி,
கம்பியிலிருந்து தரைக்குத் தேங்காய்நார்க் கயிறு,
கயிற்றின் காலடியில் ஹாப்ஸ் கொடியின் தளிர்கள்
(பீருக்குக் கசப்பு தருமே, அந்தக் கொடி)
எதைப் பிடிப்பதென்று தெரியாமல்
வெறுங்காற்றைத் துழாவிக்கொண்டு.

ஒரு கயிற்றுக்கு மூன்று தளிர்.
மிச்சத்தைக் கிள்ளிப் போட வேண்டும்.
கயிற்றுக்கு இத்தனை பென்னி என்று
நோட்டில் ஏற்றுவது என் வேலை.

ஸோர்னித்ஸா அந்த வாரம்தான் வந்தாள்.
பல்கேரியாவில், விதின் நகரத்துப் பேருந்துகளில்
டிக்கெட் சோதித்தவள்.
நாற்பத்தேழு வயது. இடக்கைக்காரி.
முதல் நாளே இருநூற்றுப் பன்னிரண்டு கயிறு.
புதிதாக வந்தவர் எவரும் அவ்வளவு தொட்டதில்லை.
எழுதி, கீழே கோடும் போட்டேன்.

மறுநாள் காலை
இருநூற்றுப் பன்னிரண்டும் தரையில்.
யாரும் அவிழ்க்கவில்லை. காற்றும் இல்லை.
இரவோடு இரவாகத் தாமே பிரிந்து
மண்ணில் முகம் வைத்துக் கிடந்தன.

மேஸ்திரி கெதின் ப்ரீஸுக்கு
கோபம் வந்தாலும் தேநீர் வந்தாலும் ஒரே முகம்.
குனிந்தான். ஒரு தளிரை எடுத்துக்
கடிகார முள் போகும் பக்கமாகச் சுற்றினான்.
"ட்வைன்" என்றான்.
அவள் சுற்றியிருந்த பக்கத்தை விரலால் காட்டித்
தலையை மட்டும் ஆட்டினான்.

தேநீர் வேளையில் அவள் கைப்பேசியில் அகராதி.
கயிறு என்றால் பெயர்ச்சொல்லாம்.
கயிற்றைச் சுற்றினால் வினைச்சொல்லாம்.
'இரண்டு' அதற்குள் ஒளிந்திருக்கிறதாம்,
இரு நூல் சேர்ந்து முறுகியதால் அந்தப் பெயராம்.
"ஒற்றை நூலுக்கு என்ன சொல்வார்கள்?"
தெரியாது என்றேன்.

அவள் மொழியில் அது வீயா.
கொடி சுற்றுவதும் வீயா, ஓநாய் ஊளையிடுவதும் வீயா.
நம்பாதவன்போல் பார்த்தேன் போலிருக்கிறது,
தலையைத் தூக்கி ஊளையிட்டே காட்டினாள்.
அடுத்த வரிசை ருமேனியப் பையன்கள்
பதிலுக்கு ஊளையிட்டார்கள்.
நாய் ஒன்று வேலி தாண்டி ஓடியது.

உன் மொழியில்?
முறுக்கு, திரி, பின்னு, பிணை என்று அடுக்கிவிட்டு
கடைசியில் சொன்னேன்: புரி.
கயிற்றின் இழை புரி.
வலப்பக்கம் சுழித்த சங்கு வலம்புரி.
ஒன்று விளங்கிவிட்டால், அதற்கும் அதே சொல்.

சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்தாள்.
"நான் இடப்பக்கமாகப் புரிந்துகொள்கிறவள்"
என்றாள்.

அன்று முழுக்க
இடக்கையைக் கோட்டுப் பையில் பூட்டி வைத்து
வலக்கையால் செய்தாள்.
தொண்ணூற்றி மூன்று.

சாயங்காலம், டிராக்டர் நிழலில்,
கெதின் கேளாமலே அவனிடம் சொன்னாள்:
"பத்தொன்பது வருடம்
நான் என் கணவனை ட்வைன் செய்தேன்."
கெதின் காது சிவந்தது.
"ஆளை வைத்து அப்படிச் சொல்ல மாட்டோம்" என்றான்.
"தொடக்கி வைக்கலாம், அவ்வளவுதான்.
பிறகு அதுவாகச் சுற்ற வேண்டும்."

"எது? கொடியா? வினைச்சொல்லா?"

கையுறையைக் கழற்றினான், மாட்டினான்,
மறுபடியும் கழற்றினான்.
"எனக்குக் கொடி மட்டும்தான் தெரியும்."

நோட்டில்
இருநூற்றுப் பன்னிரண்டை அடித்துவிடச் சொல்லவில்லை அவன்.
நானும் கேட்கவில்லை.
எண்ணுக்குப் பக்கத்தில், தமிழில்,
இடம்புரி என்று மட்டும் எழுதி வைத்தேன்.

வெள்ளிக்கிழமை சம்பளக் கணக்கு பார்க்கையில்
முதலாளியம்மா திருமதி காட்சால்
கண்ணாடியை இறக்கி அந்த எழுத்தைப் பார்த்தாள்.
இது என்ன, கோழி கீறியதுபோல்?

ஹாப்ஸில் ஒரு ரகம் என்றேன்.

நம் நிலத்தில் வளருமா என்று கேட்டுவிட்டுக்
கையெழுத்துப் போட்டாள்.