கரையேறவிட்டகுப்பம்

பெரியாஸ்பத்திரி வரிசையில் பர்ஸ் போயிருந்தது.
விசிலை உதட்டில் வைத்துக்கொண்டே
கண்டக்டர் சொன்னார்:
"கெடிலம் பாலத்துல எறங்கிக்க."

படியோரம் மீன்கூடை.
முந்தி முடிச்சை அவிழ்த்தாள் ஒருத்தி.
"எனக்குத்தான் ஓசி டிக்கெட்.
இந்தத் தம்பிக்கு ஒண்ணு கிழி."
மீதி ஒரு ரூபாய்க்குச் சண்டை வேறு போட்டாள்.

பேர் கேட்டேன்.
"கவலை என்ன விலைன்னு கேளு, சொல்றேன்."
விற்காத கூடையைத் தலையில் ஏற்றி
வண்டிப்பாளையத்தில் இறங்கிப்போனாள்.

காலையில் ஐ.சி.யு. வாசலில் சொல்லியிருந்தேன்:
பாடலீசரே,
இனி உம்மிடம் எதுவும் கேட்கமாட்டேன்.

கேட்கவில்லைதான்.

டிக்கெட்டில் ஒரு செதில் ஒட்டியிருந்தது.
கல் மிதந்து வந்து ஒதுங்கியதாகச் சொல்லும் இடம்
என் ஸ்டாப்.
இறங்கினேன்.
செருப்பில் ஈரம்.
கூடையிலிருந்து சொட்டிய தண்ணீராக
இருக்கலாம்.