நானூறு மீட்டர்

பெயர், கொடி, நீளம்.
பதினோரு மீட்டர் என்றதும் சுங்க அதிகாரி நிமிர்ந்தார்:
"கப்பலா, ஆட்டோவா மேடம்?"
கார் ஏற்றும் கப்பலின் நிழலில்
அது உண்மையிலேயே
கேட் மாறி உள்ளே வந்துவிட்ட
ஷேர் ஆட்டோ போலத்தான் நின்றது.

ஏஜென்சியில் எனக்கு இருபத்திரண்டு வருடம்.
ஏணியில் ஏறுவேன், காப்பி தருவார்கள்,
முத்திரை குத்துவேன், இறங்குவேன்.
ஆயிரம் கப்பல் இருக்கும்.
ஒன்றும் என்னை ஏற்றிக்கொண்டு நகர்ந்ததில்லை.
ராயபுரத்துக்காரி பேசுகிற பேச்சா என்பான் தம்பி.
அவனுக்கும் கடல் என்றால்
வஞ்சிரத்தின் விலைதான்.

கென்ஷோ மியாகி, வயது அறுபத்தெட்டு.
முன்பு பல் டாக்டர்.
என் கண்ணைப் பார்க்காமல்
கடைவாயைப் பார்த்துப் பேசினார்.
கடைசித் துறைமுகம்? போர்ட் பிளேர்.
சரக்கு? இல்லை.
பயணிகள்? இல்லை.
வருகையின் நோக்கம்?
தண்ணீர்ப் பம்பில் ரப்பர் கிழிந்துவிட்டது.

அதற்கு முன்னால் என்ன நோக்கம் என்று
எந்தப் படிவத்திலும் இல்லாததைக் கேட்டுவிட்டேன்.
வரைபடத்தை விரித்தார்.
கைதவறிக் கொட்டிய மிளகாய்
அவருடைய தீவுகள்.
இஷிகாகி. இரியோமோத்தே.
இன்னொன்றின் பெயர் காப்பிக் கறைக்கு அடியில்.
தை மாசியில் ஸ்வெட்டர் வேண்டுமாம்,
ஆனாலும் வாழை குலை தள்ளுமாம்.
நங்கூரம் போட்டால்
சங்கிலியின் கடைசி வளையம்
மணலில் படுவது மேலிருந்தே தெரியுமாம்.
நான் எங்கள் தண்ணீரை எட்டிப் பார்த்தேன்.
டீசல் வானவில்,
ஒற்றைச் செருப்பு.

சில இரவுகளில் இரண்டு தீவுக்கு நடுவே
பாயை இறக்கிவிட்டு
எங்கேயும் போகாமல் கிடப்பாராம்.
அதை எந்தக் கட்டத்தில் எழுத?
"பழுதுபார்ப்பு" என்று எழுதினேன்.

மூன்று மணிக்கு வயர்லெஸ் இரைந்தது.
பெர்த்துக்குக் கப்பல் வருகிறது,
உடனே காலி செய்யுங்கள்.
எதிர்ச் சுவர் வரை நானூறு மீட்டர்.
இந்தப் பம்போடு இன்ஜின்
ஏழு நிமிடம் தாங்கும் என்றார்.
குடத்தோடு அவர் கீழே இறங்க,
சுக்கான் கட்டை என் கையில்.

இடப்பக்கம் தள்ளினால் வலப்பக்கம் போனது,
எங்கள் ஆபீஸைப் போலவே.
இரண்டாவது நிமிடத்தில் புரிந்துவிட்டது.
மூன்றாவதில்
சேலைத் தலைப்பை இழுத்துச் செருகினேன்.
கிரேன்கள் ஒவ்வொன்றாய்ப் பின்னால் போயின.
அவை நகர்ந்து நான் பார்த்ததே இல்லை.
இழுவைப் படகிலிருந்து யாரோ விசில் அடித்தான்.
என் வாழ்நாளில் முதல் தடவையாக
விசிலுக்குத் திரும்பிக் கை ஆட்டினேன்.
கட்டையில் ஏதோ துடித்துக்கொண்டிருந்தது.
கடலா, என் மணிக்கட்டா, சொல்லத் தெரியவில்லை.

சுவரில் கொஞ்சம் உரசித்தான் நின்றோம்.
அவர் மன்னித்தார், டயர் மன்னித்தது.

மேல்தளத்தில் கயிற்றால் கட்டிய தொட்டியில்
முழங்கால் உயரச் செடி ஒன்று.
கோலிக்குண்டு அளவில் மூன்று பழம்.
அவர் ஊர் எலுமிச்சை.
ஒன்றைப் பறித்து நீட்டினார்.

செடி, பழம், விதை எதுவும் கரையிறங்கக் கூடாது.
அந்தப் படிவத்தை நிரப்பியதே நான்.
அதனால் அங்கேயே,
உப்புப் படிந்த பலகையில் உட்கார்ந்து
தோலோடு கடித்தேன்.
கண் தானாக மூடிக்கொண்டது.
விதை?
தண்ணீரில் துப்பலாம்.
துப்பவில்லை.

ஐந்தரைக்கு வாசலில் காவலர் பையைத் திறந்தார்.
டிபன் பாக்ஸ், குடை, முத்திரை, ஸ்டாம்ப் பேடு.
"உள்ளேருந்து எதுவும் எடுத்துட்டுப் போறீங்களா?"
நாக்கு இன்னும் கூசிக்கொண்டிருந்தது.
வாயைத் திறக்காமல்
தலையை மட்டும் ஆட்டினேன்.